முந்நூறு அடி

அலபாமா மாநிலத்தின் ஒரு மாவட்டமான ஹாலோவே கவுண்டியின் நீதிபதி ஹார்லன் கில்லிலண்ட் பிணை நிபந்தனைகளை எந்தக் காகிதத்தையும் பார்த்துச் சொல்வதில்லை. ஆராதனையில் பரமண்டல ஜெபம் சொல்கிறவரைப் போல, பார்வையை ஜன்னல் பக்கம் அலையவிட்டு, ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் நடந்தது.

"கவுண்டி எல்லையத் தாண்டக் கூடாது. துப்பாக்கி வச்சுக்கக் கூடாது. குடிக்கக் கூடாது. திங்கக்கிழமை தவறாம மூத்திரப் பரிசோதனைக்கு வரணும். பாதிக்கப்பட்டவருக்கு முந்நூறு அடிக்குள்ள போகக் கூடாது. நேராவோ ஆள் மூலமாவோ பேச்சு வச்சுக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

வழக்கமாக எல்லோருக்கும் புரிந்துவிடும். கோரி பெத் நேபர்ஸ் மட்டும் சற்று யோசித்தாள். சிறையின் ஆரஞ்சு உடை அவளுக்கு வயிற்றருகே போதவில்லை. அவள் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நீதிபதியைப் பார்த்தாள்.

"முந்நூறு அடின்னா, ஐயா, நான் எங்க போய் நிக்கிறது?"

இந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர் அவளுடைய வயிற்றுக்குள் இருந்தார். கோரி பெத் கோழித் தொழிற்சாலையில் எலும்பெடுக்கும் வரிசையில் நிற்பவள். மணிக்கட்டு வலி பொறுக்காமல், பக்கத்தில் நிற்பவள் நீட்டிய அபின் வகை வலி மாத்திரைகளை விழுங்கப் பழகினாள். பிறகு வலி இல்லாத நாள்களிலும் விழுங்கினாள். கர்ப்பம் என்று தெரிந்த பிறகு நடுங்கிக்கொண்டும் வாந்தியெடுத்துக்கொண்டும் நிறுத்தினாள். இவ்வளவையும் மருத்துவமனைச் செவிலியிடம் சொன்னது அவளேதான். மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள் என்று அங்கே சுவரில் எழுதியிருந்தது. அடுத்த வாரம் ஷெரிஃபின் ஆட்கள் தொழிற்சாலைக்கே வந்து, ரப்பர் மேலங்கியைக்கூடக் கழற்ற விடாமல் அவளை அழைத்துப் போனார்கள். குழந்தையை ரசாயன ஆபத்துக்கு உள்ளாக்கினாள் என்பது குற்றச்சாட்டு. பிள்ளைகள் தவழும் வீட்டில் அடுப்பு மூட்டிப் போதைப்பொருள் காய்ச்சுகிறவர்களுக்காக இயற்றப்பட்ட சட்டம் அது. பிறக்காத குழந்தையும் குழந்தையே என்று அலபாமாவின் உச்ச நீதிமன்றம் சொன்ன நாள்முதல், வயிறும் அந்த வீடுகளில் ஒன்றாகிவிட்டது.

நீதிமன்றம் நியமித்த வக்கீல் ப்ரூயிட், கைப்பேசியிலிருந்து தலையை எடுத்தார். "ஐயா, என் கட்சிக்காரரும் பாதிக்கப்பட்டவரும் இப்போதைக்குக் கூட்டுக் குடித்தனம். பிரிக்க முடியாது."

பர்மிங்ஹாமிலிருந்து புதிதாக வந்திருந்த அரசு வழக்கறிஞர் மிஸ் ஹாட்லி எழுந்தாள். "நிபந்தனைக்கு அரசுத் தரப்புல ஆட்சேபம் இல்லை. அவரால கடைப்பிடிக்க முடியலன்னா சிறையிலயே இருக்கட்டும்."

"சிறையில இருந்தா மட்டும் முந்நூறு அடி வந்துருமா?" என்றார் ப்ரூயிட்.

சொன்னதைத் திரும்பப் பெற்றால் தீர்ந்துபோகிற விஷயம்தான். ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் நீதிபதியின் பெயரைத் தாங்கிச் சாலையோரங்களில் நிற்கும் தட்டிகளில் "கில்லிலண்ட்: சொன்னால் சொன்னதுதான்" என்ற ஒரே வாசகம்தான் இருக்கும். அதை நம்பித்தான் கவுண்டி அவருக்கு வாக்களித்துக்கொண்டிருந்தது. அவர் சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

"கண்காணிப்போட சந்திக்கலாம்" என்றார் கடைசியில். "மத்த குழந்தைங்க வழக்குல எல்லாம் அப்படித்தானே?" அவருடைய பார்வை கடைசி பெஞ்சுக்குப் போனது. "மிஸ் வெர்லீன், உங்களுக்கு நேரம் ஒழியுமா?"

வெர்லீன் டிட்மோர் எழுந்து நின்றார். "எவ்வளவு நேரம், ஐயா?"

"வழக்கு முடியற வரைக்கும்."

"சரிங்க ஐயா" என்றார் வெர்லீன். நீதிமன்றத்தில் அவர் வேறு பதில் எதுவும் சொல்லிப் பழகியதில்லை.

பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்ட பிள்ளைகளை அந்தப் பெற்றோர் வந்து பார்க்கும்போது உடன் உட்கார்ந்திருப்பதுதான் வெர்லீனின் தொழில். ஊர்த் திருச்சபையின் கீழ்த்தளக் கூடத்தில், மடக்கு நாற்காலியில், பின்னல் ஊசிகளோடு உட்கார்ந்திருப்பார். பின்னுவது கண்ணை மறைக்காது என்பது அவருடைய கொள்கை. அவருக்குச் சில விதிகள் இருந்தன. பிள்ளையின் காதில் கிசுகிசுக்கக் கூடாது. பேசுவது கண்காணிப்பவருக்கும் கேட்க வேண்டும். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பது போன்ற வாக்குறுதி கூடாது. பிள்ளை முன்னால் அழக் கூடாது. கழிவறைக் கதவு ஒருக்களித்திருக்க வேண்டும். கண்டதை மட்டும் எழுதுவது, காணாததை எழுதாமலிருப்பது, யார் பக்கமும் சாயாமலிருப்பது என்று அவர் இத்தனை ஆண்டுகளை ஓட்டியிருந்தார். அவருடைய ஒரு வரியால் பிள்ளையைத் திரும்பப் பெற்ற தாய்மார்களும் இருந்தார்கள்; இழந்த தாய்மார்களும் இருந்தார்கள். இரு சாராரும் கடைத்தெருவில் அவரைக் கண்டால் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள்.

கோரி பெத் அன்று மாலையே ஒரு காகிதப் பையோடு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். குழந்தையின் அப்பன் டெக்சாஸ் பக்கம் குழாய் பதிக்கும் வேலைக்குப் போனவன், போனவன்தான். தையல் இயந்திரம் இருந்த அறையில் கட்டில் போடப்பட்டது.

"மிஸ் வெர்லீன், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள் கோரி பெத். "நான் உள்ள இருந்தா, பெத்த கையோட புள்ளைய எடுத்துக்கிட்டுப் போயிருவாங்களாம். சிறையில ஒருத்தி சொன்னா. ஒரு தடவ கைக்குக் குடுப்பாங்களாம், அவ்வளவுதானாம். வெளிய இருந்தா?"

"அது எனக்குத் தெரியாது, கண்ணு. நான் பாக்கறத எழுதுவேன்."

"அப்போ நல்லதா பாத்து எழுதுங்க."

"நடந்தா எழுதுவேன்."

உறங்கும் நேரத்தைப் பற்றி வெர்லீனுக்கு ஒரு சட்டச் சந்தேகம் இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சபையின் மூப்பருமான நீதிபதியை வாசலில் மறித்துக் கேட்டார். உறங்குகிறவளுக்குக் குற்ற எண்ணம் கிடையாது என்று தீர்ப்பாயிற்று. இருந்தாலும் தையலறைக் கதவு ஒருக்களித்தே இருந்தது.

முதல் வாரமே ஒரு விதிமீறல். கோரி பெத் சமையலறை மேசையில் பட்டாணி உரித்தபடி, வயிற்றைப் பார்த்து எதையோ முணுமுணுத்தாள். வெர்லீனின் ஊசி நின்றது.

"கிசுகிசு கூடாது. சொல்லியிருக்கேன்."

"அதுக்குக் காது இன்னும் சரியா வந்திருக்குமோ என்னவோ!"

"எனக்கு வந்திருக்கு. சத்தமா பேசு."

கோரி பெத் அவரை முறைத்தாள். பிறகு, தெருவில் போகிறவனைக் கூப்பிடும் குரலில் வயிற்றிடம் பேசத் தொடங்கினாள். "ஏ! நல்லாக் கேட்டுக்கோ! உங்கம்மா கோழிக்கு எலும்பெடுக்கறவ! இது மிஸ் வெர்லீன்! இவங்க வீட்டுலதான் இருக்கோம்! சிரிக்கத் தெரியாது, ஆனா சோளரொட்டி நல்லா சுடுவாங்க!" சற்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "சீக்கிரமே நாம ரெண்டு பேரும்—"

"வாக்குறுதி" என்றார் வெர்லீன்.

கோரி பெத் வாயை மூடிக்கொண்டாள். எஞ்சியிருந்த பட்டாணி முழுவதையும் உரித்து முடித்தாள். பிறகு, இன்னும் உரத்த குரலில், "மேக்கொண்டு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது! தெரிஞ்சதும் சொல்றேன்!" என்றாள்.

அந்த வீட்டில் பொய் பேசாத பழக்கம் இப்படித்தான் உண்டாயிற்று. வாக்குறுதிகளையும் ஆறுதல்களையும் கழித்துவிட்டால் ஒரு தாய் பிள்ளையிடம் பேச எஞ்சுவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைக் கோரி பெத் நாள் முழுவதும் பேசினாள். இன்று மழை. இன்று மணிக்கட்டு வலிக்கிறது, மாத்திரை போடவில்லை. இன்று மிஸ் வெர்லீன் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டு, தூங்கவில்லை என்கிறார். வெர்லீன் வாரந்தோறும் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பினார். "சந்திப்பு சுமுகமாக நடந்தது. பாதிக்கப்பட்டவர் மாலையில் உதைத்தார். அதற்குத் தூண்டுதல் எதுவும் காணப்படவில்லை. அதன்பின் விக்கினார். தாய் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்." அறிக்கைகளை நீதிமன்ற எழுத்தர் கோப்பில் சேர்ப்பதற்கு முன் ஊழியர்களிடம் சத்தமாக வாசித்துக் காட்டுவதாகப் பேச்சு இருந்தது. வெர்லீன் அதை நம்பவில்லை. அவற்றில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஐந்து ஞாயிறுகள் வரும் மாதத்தில், ஐந்தாம் ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபையார் மரத்தடியில் விருந்து வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு பாத்திரம் வரும். எது யாருடையது என்று தெரிவதற்காக அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். வெர்லீன் கொண்டுவருவது எப்போதும் கசகசாக் கோழிதான். உதிர்த்த கோழி, புளித்த பாலாடை, மேலே நொறுக்கிய உப்பு பிஸ்கட், அதன் மேல் வெண்ணெயில் வறுத்த கசகசா. மற்ற வீடுகளில் கசகசாவைத் தூவுவார்கள். வெர்லீன் அதைப் போர்த்துவார். கடையில் விற்பது மக்கிப்போனது என்று, நான்கு ஆண்டுகளாக, கழுவாத விதையை மூட்டையாகத் தபாலில் தருவித்துக்கொண்டிருந்தார். அது சேர்ந்ததிலிருந்து பண்டத்துக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டதாக அவருக்கு அபிப்பிராயம்.

அந்த ஞாயிறன்று கோரி பெத் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். நீதிபதியும் இரண்டு முறை. அவருடைய மனைவி மிச்சத்தைப் பாத்திரத்தோடு வீட்டுக்கு எடுத்துப் போனார். வெர்லீனுக்கு மனம் நிறைந்திருந்தது.

மறுநாள் காலை, ஷெரிஃப் அலுவலகத்தின் பின்கட்டில், பரிசோதனை செய்யும் ரோனெல் கிண்ணத்தை விளக்குக்கு நேரே பிடித்தாள். இன்னொரு முறை பிடித்தாள். ரோனெலும் அதே சபைதான்.

"நேத்து விருந்துல நல்லா சாப்பிட்டியா, கண்ணு?" என்று கோரி பெத்தைக் கேட்டாள்.

"வயிறு முட்ட."

ரோனெல் வெர்லீனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், தரையைப் பார்த்துக்கொண்டாள். "அபின் வகையில கோடு விழுந்திருக்கு, மிஸ் வெர்லீன். நான் மேல அனுப்பித்தான் ஆகணும்."

மதியத்துக்குள் மிஸ் ஹாட்லி பிணையை ரத்து செய்யக் கோரி மனு கொடுத்துவிட்டாள். விசாரணை மறுநாள்.

வெர்லீன் தையலறையைச் சோதனை போட்டார். மெத்தையைப் புரட்டினார், தையல் இயந்திரத்தின் வயிற்றைத் திறந்தார், காகிதப் பையைக் கவிழ்த்தார். கோரி பெத் கதவருகே நின்று பார்த்தாள்.

"தேடுங்க. நல்லாத் தேடுங்க. நான் எப்போ எடுத்திருப்பேன்? நான் மூக்கு சிந்தினாக்கூட நீங்க எழுதறீங்க."

"கோடு விழுந்திருக்கே!"

"கோடு விழுந்திருக்கு" என்றாள் கோரி பெத். பிறகு வயிற்றைப் பார்த்து, விதிப்படி உரத்த குரலில், "நாளைக்கு நம்மள உள்ள வச்சிருவாங்க! நான் எதையும் தொடல! மிஸ் வெர்லீன் நம்ப மாட்டேங்கிறாங்க!" என்றாள். அழவில்லை. அதுவும் விதிதான்.

வெர்லீன் சமையலறைக்குப் போய் உட்கார்ந்தார். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். ஒன்று, இந்தப் பெண் அவருடைய கண்ணிலே மண்ணைத் தூவிவிட்டாள்; அப்படியென்றால் இத்தனை ஆண்டுகளாக அவர் எழுதியவற்றுக்கெல்லாம் என்ன மதிப்பு? அல்லது, அவள் வாய்க்குள் போன ஏதோ ஒன்று வெர்லீனின் கண்ணெதிரேயே போயிருக்கிறது. அவர் கண்ணை மூடி ஞாயிற்றுக்கிழமையை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். மரத்தடி மேசைக்கு வந்ததும் கோரி பெத்தின் தட்டைப் பார்த்தார். அதில் ஒன்றும் புதிதில்லை. பக்கத்துத் தட்டுகளைப் பார்த்தார். எதிரே நீதிமன்றக் காவலர் டாயல் கசகசாக் கோழியை ரொட்டிக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தான். அவனுக்கு அடுத்து ஷெரிஃபின் இன்னோர் ஆள். அவன் தட்டில் அது கைக்குட்டைக் காகிதத்துக்குள் போயிருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் நாய்க்குப் போட்டார். மரலாரி ஓட்டுகிறவன் நன்றி சொல்லி வாங்கி, காருக்குப் பின்னால் போய், காலித் தட்டோடு வந்தான். ரோனெல் அந்தப் பாத்திரத்தின் பக்கமே வரவில்லை. எல்லாவற்றையும் அவருடைய கண் பார்த்துத்தான் இருந்தது. இவர்கள் எல்லோரும் முன்னறிவிப்பின்றி மூத்திரப் பரிசோதனைக்கு அழைக்கப்படக்கூடிய வேலைகளில் இருப்பவர்கள் என்பது மட்டும் இப்போதுதான் உறைத்தது.

அவர் ரோனெலைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ரோனெல், என் கசகசாக் கோழிய நீ ஏன் சாப்பிடறதில்ல?"

"பத்தியத்துல இருக்கேன், மிஸ் வெர்லீன்."

"எத்தனை வருஷமா?"

"ஒரு நாலு வருஷமா" என்று மறுமுனையிலிருந்து மெல்ல வந்தது. "டாயலுக்கு ஒரு தடவ வேலையே போக இருந்துச்சு. அப்புறம் எல்லாருமே... உங்ககிட்ட யாரு சொல்றது? உங்க மனசு நோகும்ல? நீங்க எவ்வளவு ஆசையா கொண்டுவர்றீங்க..."

"அந்தப் பொண்ணு தட்டுல நான் ரெண்டு தடவ வச்சேன். நீ பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள் ரோனெல் அழும் குரலில். "தடுக்கத்தான் நினைச்சேன். நீங்க பக்கத்துலயே நின்னீங்க."

மறுநாள் நீதிமன்றம் நிரம்பியிருந்தது. வெர்லீன் சாட்சிக் கூண்டில் ஏறி, வேதாகமத்தின் மேல் கை வைத்து எடுத்தார். மிஸ் ஹாட்லி கேள்விகளை நேர்த்தியாக அடுக்கி வைத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை முழுக்க குற்றம் சாட்டப்பட்டவர் உங்க கண்ணு முன்னாலயே இருந்தாரா?"

"இருந்தா."

"கழிவறைக்குப் போனப்ப?"

"கதவு ஒருக்களிச்சிருந்தது."

"அப்போ அவர் உடம்புக்குள்ள அபின் எப்படிப் போச்சு, மிசஸ் டிட்மோர்?"

"கரண்டியில" என்றார் வெர்லீன். "நான்தான் பரிமாறினேன். ரெண்டு தடவ."

மிஸ் ஹாட்லி கேள்வித்தாளைப் புரட்டினாள். வெர்லீன் நீதிபதியின் பக்கம் திரும்பினார்.

"கசகசாங்க, ஐயா. அபின் செடியோட விதைதானே அது, நான் தருவிக்கறது கழுவாதது, அந்தப் பாலு ஒட்டியே இருக்கும். பொறுப்பான நபர் குழந்தைக்கு அந்தச் சமாசாரம் போய்ச்சேர விட்டா குத்தம்னு சட்டத்துல இருக்குதாம், மிஸ்டர் ப்ரூயிட் வாசிச்சுக் காட்டினார். அந்தக் குழந்தைக்குப் பொறுப்பா நீங்க வச்சது என்னை. அப்போ என்னையில்ல பிடிக்கணும்? நான் பல் துலக்கற பிரஷ் எடுத்துட்டே வந்திருக்கேன்."

"கசகசாவுல அப்படி ஒண்ணும் இருக்காது, மிஸ் வெர்லீன்" என்றார் நீதிபதி, சபை வாசலில் பேசும் குரலில். "ஊரே சாப்பிடுது."

"ஊரு சாப்பிடலைங்க. டாயலக் கேளுங்க."

கதவோரம் நின்ற டாயல் கூரையைப் பார்த்தான். அவனுக்கும் சத்தியப்பிரமாணம் செய்து வைக்கப்பட்டது.

"டாயல், மிஸ் வெர்லீனோட கோழிய நீ சாப்பிடுவியா?"

"அருமையான கோழிங்க, ஐயா."

"அதக் கேக்கல. சாப்பிடுவியா?"

"மிஸ் வெர்லீன் கைப்பக்குவத்துக்கு இந்தக் கவுண்டியிலேயே ஈடு கிடையாதுங்க. எங்கம்மாவே சொல்லுவாங்க."

கூட்டத்தில் பலர் தலையசைத்து ஆமோதித்தார்கள். ஆட்சேபம் சொல்ல ஒருவருமில்லை. கோரி பெத் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் சுவரில் எழுதியிருந்ததை நம்பிச் செவிலியிடம் எல்லாவற்றையும் சொன்னவள். ஊர் முழுவதற்கும் தெரிந்த ஒன்றை, மரியாதை கருதி ஊர் முழுவதும் விழுங்கிக்கொண்டிருந்தது. அந்த மரியாதை அவளைச் சிறைக்கு அனுப்பப் போதுமானதாக இருந்தது.

"டாயல்" என்றார் வெர்லீன் கூண்டிலிருந்தே. அவருடைய கழுத்து சிவந்திருந்தது. "உன்னை ஞாயிறு பள்ளியில வச்சுப் பாட்டு சொல்லிக்குடுத்தவ நான். என் சமையலப் பத்தி உள்ளத உள்ளபடி சொல்லு. வேதாகமத்து மேல கை வச்சிருக்கே."

டாயல் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். "ரொட்டிக்கு அடியில ஒளிச்சிருவேங்க" என்றான். "நாங்க எல்லாருமே. அதத் தின்னுட்டுப் போனா கோடு விழும். நாலு வருஷமா விழுது. மன்னிச்சிருங்க, மிஸ் வெர்லீன்."

தலையசைத்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஆட்சேபிக்கிறேன்" என்றாள் மிஸ் ஹாட்லி. "ஆய்வக முடிவுக்கு எதிரா ஒரு சமையல் குறிப்பை ஆதாரமா எடுத்துக்க முடியாது."

"குறிப்பு எதுக்கும்மா?" என்றார் வெர்லீன். "ஐயாவும் ரெண்டு தடவ வாங்கினார். மிச்சத்த அவங்க வீட்டம்மா எடுத்துட்டுப் போனாங்க. பாத்திரம் இன்னும் வரல."

நீதிபதி தன் மேசையைப் பார்த்தார். "நேத்து ராத்திரிதான் தீந்துச்சு" என்றார். அது தீர்ப்பா, சாட்சியமா, வெறும் தகவலா என்று எழுத்தருக்கு விளங்கவில்லை; அப்படியே பதிவு செய்தாள்.

சிறு இடைவேளை அறிவிக்கப்பட்டது. நீதிபதி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டாயல் ஷெரிஃப் அலுவலகப் பின்கட்டுக்கு அனுப்பப்பட்டு, கைக்குட்டையில் சுற்றிய கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனான். ரோனெல் அழைக்கப்பட்டாள், கண்ணைத் தாழ்த்தியபடி போய், அதேபடி வந்தாள். கதவு திறந்தது. நீதிபதி எவரையும் பார்க்காமல் இருக்கையில் அமர்ந்தார்.

"மனு தள்ளுபடி."

"காரணம், ஐயா?" என்றாள் மிஸ் ஹாட்லி.

"காரணம் நீதிமன்றத்துக்குத் தெரியும்."

"குறைஞ்சபட்சம் கண்காணிப்பாளரயாவது மாத்தணும். அவரே போதைப்பொருள் பரிமாறினதா ஒத்துக்கிட்டார்."

"கண்காணிப்பாளர் யாருன்னு நான் ஏற்கெனவே சொல்லியாச்சு" என்றார் நீதிபதி. தட்டிகளில் இருந்த வாசகத்தை அவர் இதைவிட முழுமையாக விளக்கியதில்லை. பிறகு ஜன்னல் பக்கம் பார்வையை விட்டு நிபந்தனைகளை மீண்டும் ஒருமுறை ஒப்பித்தார். துப்பாக்கிக்கும் குடிக்கும் அடுத்ததாகக் கசகசாவைச் சேர்த்தார். அது அவருடைய நாவில் அப்படியே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்த நீதிமன்றத்தில் பிணை பெற்ற மாட்டுத் திருடனும் மனைவியை அடித்தவனும்கூடக் கசகசா தின்னக் கூடாது என்று எச்சரிக்கப்பட்டார்கள். எவரும் காரணம் கேட்கவில்லை.

வெளியே படியிறங்கும்போது கோரி பெத், "கோழி உண்மையிலேயே ருசியாத்தான் இருந்துச்சு, மிஸ் வெர்லீன்" என்றாள்.

"பொய் சொல்லாத. புள்ள கேக்குது."

"கேக்குதுன்னுதான் உண்மையச் சொல்றேன்."

அந்த வாரமே பாத்திரம் திரும்பி வந்தது. நன்றாகத் துலக்கியிருந்தது, உள்ளே எதுவும் இல்லை. அந்த ஊரில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பியனுப்புவதும் ஒரு வகைத் தீர்ப்புதான். வெர்லீன் மேல்முறையீடு செய்யவில்லை. கசகசா மூட்டையைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, அந்த வார அறிக்கையில் அதையும் எழுதினார்.

குழந்தை ஒரு வியாழக்கிழமை பிறந்தது. பெண். பிரசவ அறையில் வெர்லீன் பின்னல் ஊசிகளோடு நின்றார். நீங்கள் யார், அம்மாவா, மாமியாரா என்று செவிலி கேட்டபோது, "நீதிமன்றம்" என்று பதில் சொன்னார். தொப்புள்கொடியை வெட்டிய அந்த நொடியில், முந்நூறு அடி என்பது முதன்முறையாக அளக்கக்கூடிய தூரமாக மாறியது. வெர்லீனுக்கு அது தோன்றியது. அவர் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு அருகில் போட்டுக்கொண்டார்.

குழந்தையின் பரிசோதனையில் கோடு எதுவும் விழவில்லை. ஆயினும் வெள்ளிக்கிழமை காலை குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய ஒரு கையில் கார் இருக்கைக் கூடை இருந்தது. வழக்கு நிலுவையில் இருப்பதால் குழந்தையைத் துறை ஏற்றுக்கொள்ளும் என்றார். இது வழக்கமான நடைமுறைதான், யாரும் வருத்தப்பட வேண்டாம் என்றார். கோரி பெத் குழந்தையின் தலைக்கு மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"உக்காருங்க" என்றார் வெர்லீன். "பாதிக்கப்பட்டவர குற்றம் சாட்டப்பட்டவர் என் கண்காணிப்புல சந்திக்கலாம்னு நீதிமன்ற உத்தரவு. சந்திப்பு இப்போ நடந்துக்கிட்டிருக்கு."

"அது கர்ப்பமா இருந்தப்ப போட்ட உத்தரவுங்க."

"பாதிக்கப்பட்டவர் அதேதானே? வேற ஆளா?"

"சந்திப்பு எப்போ முடியும்?"

"வழக்கு முடியறப்ப."

நலத்துறைக்காரர் வெளியே போய் நீதிபதியைத் தொலைபேசியில் அழைத்தார். நடையிலிருந்து அவர் பேசியது அறைக்குள் கேட்டது. "ஆமாங்க ஐயா" என்பதைத்தான் அவர் பெரும்பாலும் பேசினார். நீதிபதியின் குரல் கருவியைத் தாண்டி வந்தது. "நான் சொன்னதுல எந்த வார்த்தை உனக்குப் புரியல?" திரும்பி வந்தவர், கூடையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். விசாரணைத் தேதி அதற்குள் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. அந்த நீதிமன்றத்தில் அது இன்னும் பல முறை தள்ளிப்போகக்கூடியது. அதற்குப் பிறகு என்ன என்பது அறையில் இருந்த இருவருக்கும் தெரியாது. மூன்றாமவரிடம் அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

கோரி பெத் குழந்தையை முகத்தருகே தூக்கினாள். உதடுகள் குழந்தையின் காதைத் தொட்டன. நெடுநேரம் ஏதோ சொன்னாள், மூச்சைவிட மெல்லிய குரலில்.

வெர்லீனின் ஊசி நின்றது. அவர் எழுந்து ஜன்னலருகே போனார். கீழே நிறுத்துமிடத்தில் நலத்துறைக்காரர் கார்க் கதவைத் திறப்பதும், கூடையைப் பின்னிருக்கையில் வைப்பதும், வார்ப்பட்டையை மாட்டுவதும் தெரிந்தன. வண்டி தெருமுனையைத் தாண்டிப் போகும் வரை அவர் அதையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வார அறிக்கை இப்படி முடிந்தது: "தாய் குழந்தையிடம் பேசினார். காதில் விழுந்தவரை ஆட்சேபத்துக்குரியது எதுவும் இல்லை."